அரூப வெளிப்பாட்டுவாத ஓவியம்: ஓர் அறிமுகம்



ஓவியம் ஒன்றைப் பார்த்து விடை எழுதும்போது நாம் முதலிற் கேட்கும் கேள்வி, "இதிலே என்ன வரையப்பட்டிருக்கின்றது?" என்பதாகும். லியனார்டோ டாவின்சியின் 'இறுதி இராப்போசனம்' என்றால் இயேசுவும் சீடர்களும் என எழுதுவோம். வான்கோவின் 'சூரியகாந்தி' என்றால் சாடியில் உள்ள மலர்கள் என எழுதுவோம். ஆனால் ஜக்ஸன் பொலொக் 1950 ஆம் ஆண்டில் வரைந்த 'இலையுதிர்கால லயம்: இலக்கம் 30' என்னும் ஓவியத்தை உங்கள் முன் வைத்தால் என்ன எழுதுவீர்கள்? ஐந்து மீற்றருக்கும் அதிகமான அகலமுடைய கன்வஸ் துணியிலே கறுப்பு, வெள்ளை, மண்ணிறக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. மரமும் இல்லை, மனிதரும் இல்லை.

இங்கேதான் மாணவர் பலர் தடுமாறுகின்றனர். சிலர் "இது வெறும் கிறுக்கல்" என்று ஒதுக்கிவிடுவர். வேறு சிலர் "இது மிகவும் அழகான, ஆழமான கருத்துள்ள ஓவியம்" என்று எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குச் செல்வர். இவ்விரண்டும் ஓவியத்தைப் பாராமலே எழுதக்கூடிய விடைகள் ஆகும். அதனாலேயே இரண்டும் பயனற்றவை.

அரூப வெளிப்பாட்டுவாத ஓவியத்தை விளங்கிக்கொள்வதற்கு நமது கேள்வியைச் சற்று மாற்றிக்கொள்ள வேண்டும். "என்ன வரையப்பட்டிருக்கின்றது?" என்பதற்குப் பதிலாக, "இது எவ்வாறு உருவானது? பார்ப்பவரிடத்து எவ்வுணர்வை எழுப்புகின்றது? எதனால்?" என்று கேட்டுப் பாருங்கள். இப்பாடத்தின் மையம் இதுவேயாகும்.

1. பெயரின் பொருள்

'அரூபம்' என்பது உருவம் இல்லாதது எனப் பொருள்படும். கண்ணாற் காணும் பொருளை அவ்வாறே காட்டாது கோடு, நிறம், வடிவம், இழையமைப்பு என்பவற்றைக் கொண்டே ஓவியத்தை அமைப்பது அரூப ஓவியம். 'வெளிப்பாட்டுவாதம்' என்பது புறத்தோற்றத்தைவிட ஓவியரின் அகவுணர்வுக்கு முதன்மை கொடுப்பது. இவ்விரு பண்புகளும் ஒன்றுசேர்ந்த இயக்கமே அரூப வெளிப்பாட்டுவாதம் ஆகும்.

1946 ஆம் ஆண்டு றொபேட் கோட்ஸ் என்னும் விமர்சகர் 'த நியூயோர்க்கர்' சஞ்சிகையில் அமெரிக்க ஓவியங்களைக் குறிக்க இப்பெயரைப் பயன்படுத்தினார். அதன் பின்னரே இது பரவலாக வழங்கலாயிற்று. 'நியூயோர்க் குழாம்' என்ற பெயரும் இவ்வோவியர்களுக்கு உண்டு.

கவனிக்க: இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேர்மனியில் தோன்றிய வெளிப்பாட்டுவாதம் வேறு, 1940 களில் நியூயோர்க்கில் எழுந்த அரூப வெளிப்பாட்டுவாதம் வேறு. முன்னையதில் மனித உருவங்களும் தெருக்களும் திரிபுபட்டேனும் காணப்படும். பின்னையதிற் பெரும்பாலும் உருவமே இராது. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

2. தோற்றத்திற்கான பின்னணி

ஒரு கலை இயக்கம் திடீரென வானத்திலிருந்து விழுவதில்லை. இவ்வியக்கம் தோன்றுவதற்குப் பின்வரும் காரணங்கள் துணைபுரிந்தன.

(அ) பொருளாதாரப் பெருமந்தம்: 1929 இல் தொடங்கிய பெருமந்தத்தினால் அமெரிக்க ஓவியர்கள் வேலையின்றித் தவித்தனர். அரசாங்கம் 1935 இல் கூட்டாட்சிக் கலைத் திட்டத்தை ஆரம்பித்து ஓவியர்களுக்குச் சம்பளம் வழங்கியது. பொலொக், ரொத்கோ, டி கூனிங், லீ கிராஸ்னர் ஆகியோர் இத்திட்டத்திற் பணியாற்றினர். வறுமைக் காலத்திலும் ஓவியராகவே வாழ இது வழிசெய்ததுடன், பெரிய சுவரோவியங்களின் அளவையும் அவர்களுக்குப் பழக்கப்படுத்தியது.

(ஆ) ஐரோப்பியக் கலைஞர்களின் வருகை: நாசிகளின் ஆட்சிக்கும் போருக்கும் தப்பி மொந்திரியான், மக்ஸ் ஏர்ன்ஸ்ட், அந்திரே மசோன் முதலியோர் நியூயோர்க்கை வந்தடைந்தனர். திட்டமிடாது கையை அதன் போக்கிலே ஓடவிட்டு, ஆழ்மனத்தை வெளிவரச் செய்யும் முறையை மீயதார்த்தவாதிகளிடமிருந்து அமெரிக்க இளைஞர்கள் கற்றுக்கொண்டனர்.

(இ) மெக்சிக்கோவின் பங்கு: மெக்சிக்கோ நாட்டுச் சுவரோவியரான சிக்கெய்ரோஸ் 1936 இல் நியூயோர்க்கிலே பட்டறை ஒன்றை நடத்தினார். அங்கே வர்ணத்தை ஊற்றுதல், தெறிக்கவிடுதல் போன்ற பரிசோதனைகள் இடம்பெற்றன. அதிற் பங்குபற்றியவர்களுள் இளைஞரான பொலொக்கும் ஒருவர்.

(ஈ) இரண்டாம் உலகப் போர்: இதுவே மிக ஆழமான காரணம் எனலாம். வதை முகாம்களில் இலட்சக்கணக்கான யூதர்கள் கொல்லப்பட்டமையும், 1945 இல் ஹிரோஷிமா, நாகசாகி ஆகிய நகரங்கள் அணுகுண்டினால் அழிந்தமையும் உலகை உலுக்கின. இத்தகைய உலகில் மலர்ச்சாடியையும் அழகிய நிலக்காட்சியையும் முன்போலவே வரைந்துகொண்டிருப்பது எவ்வாறு என்ற கேள்வி ஓவியர்களை வருத்தியது. பழைய விடயங்கள் போதாதபோது, தம்முள்ளே இருந்ததையே அவர்கள் விடயமாக்கினர். எனவே இவ்வோவியங்களில் உருவம் இல்லாமற்போனது விளையாட்டான செயல் அன்று என்பதை மனத்திற் கொள்ளுங்கள்.

3. இரு பெரும் போக்குகள்

இவ்வியக்கத்தைச் சேர்ந்தோர் எல்லோரும் ஒரே மாதிரி வரையவில்லை. கற்பதற்கு வசதியாக அவர்களை இரு பிரிவுகளாக நோக்கலாம்.

செயல் ஓவியம்: வர்ணம் பூசும் செயலுக்கே, அதாவது உடலின் அசைவுக்கே, முதன்மை தருவது. 1952 இல் ஹரோல்ட் ரோசன்பேர்க் என்னும் விமர்சகர் இப்பெயரை இட்டார். கன்வஸ் துணியை ஒரு நிகழ்வு நடைபெறும் களமாக அவர் கண்டார். பொலொக், டி கூனிங், பிரான்ஸ் கிளைன் ஆகியோர் இப்பிரிவினர்.

வர்ணத்தள ஓவியம்: அகன்ற நிறப்பரப்புகளால் அமைவது. இங்கே அசைவைவிட அமைதியும் ஆழமும் மேலோங்கும். மார்க் ரொத்கோ, பார்னெட் நியூமன் ஆகியோர் இப்பிரிவினர்.

4. ஜக்ஸன் பொலொக் (1912 - 1956)

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்திற் பிறந்தவர். 1945 இல் ஓவியரான லீ கிராஸ்னரை மணந்து, நியூயோர்க் நகரை விட்டு லோங் ஐலண்டில் உள்ள ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரிற் குடியேறினார். அங்கிருந்த பழைய களஞ்சியமே அவரது வேலைத்தலமாயிற்று. 1947 இல் அவர் தமது புகழ்பெற்ற சொட்டுமுறையை ஆரம்பித்தார்.

அவரது முறையைப் படிப்படியாக நோக்குவோம்.

• கன்வஸ் துணியைத் தாங்கியில் நிறுத்தாது நிலத்திலே விரித்தார். இதனால் நான்கு பக்கங்களிலிருந்தும் வரையவும், துணிக்குள்ளேயே காலடி வைத்து நடக்கவும் முடிந்தது.

• தைலவர்ணத்துடன், வீடுகளுக்குப் பூசும் எனாமல் வர்ணத்தையும் பயன்படுத்தினார். அது இளகலாக இருந்தமையால் அறாது நூல்போல ஒழுகியது.

• தூரிகையாற் துணியைத் தொடாது, தடி, காய்ந்து இறுகிய தூரிகை என்பவற்றால் மேலிருந்து வர்ணத்தைச் சொட்டவும் வீசவும் செய்தார்.

இவ்வாறு உருவான கோடு ஒரு பொருளின் எல்லையைக் காட்டுவதில்லை. அது கையின் வேகத்தையும் உயரத்தையும் பதிவு செய்கின்றது. கை மெதுவாக அசைந்த இடத்திற் கோடு தடித்துத் தேங்கும். விரைவாக அசைந்த இடத்தில் மெலிந்து, புள்ளிகளாகச் சிதறும். நியூயோர்க் நவீன கலை நூதனசாலையில் உள்ள 'இலக்கம் 1ஏ, 1948' என்னும் ஓவியத்தின் மேற்பகுதியைக் கவனித்தால் கைத்தடங்கள் பதிந்திருப்பதைக் காணலாம். "நான் இங்கே இருந்தேன்" என்று ஓவியர் சொல்லுவதுபோல அவை அமைந்துள்ளன.

இவ்வோவியங்களில் மையம் என்று ஓர் இடம் இல்லை. மேல், கீழ், நடு என்ற பேதமின்றிப் பரப்பு முழுவதும் ஒரே செறிவுடன் நிரம்பியிருக்கும். இதனை முழுப்பரப்பு ஒழுங்கமைப்பு என்பர். பொலொக் 1956 ஆகஸ்ட் மாதத்தில் கார் விபத்து ஒன்றில் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 44.

5. டி கூனிங், கிளைன்

வில்லெம் டி கூனிங் (1904 - 1997) நெதர்லாந்தின் ரொட்டர்டாம் நகரிற் பிறந்து, 1926 இல் கப்பலில் ஒளிந்திருந்து அமெரிக்கா சென்றவர். 'பெண் 1' என்னும் அவரது ஓவியம் 1950 முதல் 1952 வரை வரையப்பட்டது. வரைவதும் சுரண்டி அழிப்பதும் மீண்டும் வரைவதுமாக அவர் இதனுடன் போராடினார். இதிலே பெண்ணின் உருவம் தெளிவாகத் தெரிகின்றது. ஆகவே இவ்வியக்கத்தில் உருவம் முற்றாக விலக்கப்பட்டது என எழுதினால் அது பிழையாகும்.

பிரான்ஸ் கிளைன் (1910 - 1962) வெள்ளைத் தளத்தில் அகன்ற கறுப்புத் தீற்றல்களால் வரைந்தவர். ஒரே வீச்சில் வரைந்தவைபோற் தோன்றினும், பல ஓவியங்களுக்கு முன்னரே சிறிய மாதிரிகளைப் பழைய தொலைபேசி விபரக்கொத்துத் தாள்களில் வரைந்து பார்த்துள்ளார். வெள்ளைப் பகுதியும் வெறுமனே விடப்பட்ட இடமன்று. கறுப்பின் ஓரங்களை வெட்டித் திருத்துமாறு அதுவும் பூசப்பட்டது.

6. ரொத்கோ, நியூமன்

மார்க் ரொத்கோ (1903 - 1970) இன்றைய லத்வியாவில் யூதக் குடும்பத்திற் பிறந்து, பத்து வயதளவில் அமெரிக்கா சென்றவர். 1940 களின் இறுதியிலிருந்து, ஓரங்கள் மங்கிய செவ்வக நிறப்பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக மிதப்பதுபோல வரைந்தார். மெல்லிய வர்ணப்படைகளைப் பலமுறை பூசியமையால், நிறம் உள்ளிருந்து ஒளிர்வது போலத் தோன்றும். பார்ப்பவர் ஓவியத்திற்கு மிக அருகில் நின்று அதனுள் மூழ்க வேண்டும் என்றே அவர் விரும்பினார். ஓவியங்களைப் பெரிதாக வரைந்தமைக்கும் அதுவே காரணம்.

அவரது வாழ்வில் ஒரு நிகழ்ச்சியை நீங்கள் அறிந்திருத்தல் நன்று. 1958 இல் நியூயோர்க்கில் உள்ள ஆடம்பர உணவகம் ஒன்றிற்காகப் பெரிய ஓவியங்களை வரைந்து தர அவர் உடன்பட்டார். ஓவியங்களை வரைந்த பின்னர், செல்வந்தர்கள் உணவருந்தும் இடம் அவற்றிற்கு ஏற்றதன்று எனத் தீர்மானித்துப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவற்றுள் ஒன்பது ஓவியங்களை இலண்டன் ரேற் கலைக்கூடத்திற்கு அன்பளிப்புச் செய்தார். அவை இலண்டனை வந்தடைந்த நாளும் அவர் இறந்த நாளும் ஒன்றாக அமைந்தன: 1970 பெப்ரவரி 25. அலங்காரப் பொருளாகத் தமது ஓவியம் ஆகிவிடக் கூடாது என்பதில் அவர் கொண்டிருந்த உறுதியை இது காட்டுகின்றது. அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரில் 1971 இல் திறக்கப்பட்ட ரொத்கோ வழிபாட்டு மண்டபத்தில் அவரது 14 ஓவியங்கள் உள்ளன.

பார்னெட் நியூமன் (1905 - 1970) ஒரே நிறம் பூசிய பரந்த தளத்தை மேலிருந்து கீழாகச் செல்லும் ஒடுங்கிய கோடுகளாற் பிரித்தார். 1948 இல் வரைந்த 'ஒன்மென்ற் 1' இவ்வகையில் முதலாவதாகும்.

7. பெண் ஓவியர்களின் பங்கு

நீண்ட காலமாக இவ்வியக்கம் ஆண்களின் இயக்கமாகவே எழுதப்பட்டு வந்தது. லீ கிராஸ்னர் (1908 - 1984) பொலொக்கின் மனைவி என்றே பெரிதும் அறியப்பட்டார். ஆயினும் பொலொக்கைச் சந்திக்க முன்னரே அவர் அரூப ஓவியராக விளங்கியவர். ஜோன் மிட்செல் (1925 - 1992) தாம் கண்ட நிலக்காட்சிகளின் நினைவை விரைவான தீற்றல்களால் வெளிப்படுத்தினார். ஹெலன் பிராங்கென்தாலர் (1928 - 2011) 1952 இல் 'மலைகளும் கடலும்' என்னும் ஓவியத்தை வரைந்தபோது, நன்கு ஐதாக்கிய வர்ணத்தை, முற்பூச்சு இடப்படாத துணியில் ஊறவிட்டார். வர்ணம் துணியின் மேலே படியாது துணியுடன் ஒன்றாகியது. அப்போது அவருக்கு வயது 23. மறுவருடம் அதனைப் பார்வையிட்ட மொரிஸ் லூயிஸ், கெனத் நோலண்ட் ஆகிய ஓவியர்கள் அம்முறையைப் பின்பற்றலாயினர்.

8. "சின்னப்பிள்ளையும் இதைக் கீறுமே!"

இவ்வாறு நீங்களும் நினைத்திருக்கலாம். அது வெட்கப்பட வேண்டிய எண்ணம் அன்று. இவ்வோவியங்கள் தோன்றிய காலந்தொட்டே கேட்கப்பட்டுவரும் கேள்வி அது.

2011 இல் அமெரிக்காவின் பொஸ்ரன் கல்லூரி ஆய்வாளர்கள் அறியப்பட்ட அரூப ஓவியர்களின் படைப்புகளையும், சிறுவர்களும் விலங்குகளும் தீட்டியவற்றையும் சோடி சோடியாக வைத்து, எது சிறந்தது எனப் பலரிடம் கேட்டனர். தற்செயலாகத் தெரிவு செய்தால் எதிர்பார்க்கக்கூடியதைவிடக் கூடுதலான தடவைகள் அவர்கள் ஓவியர்களின் படைப்புகளையே தெரிந்தெடுத்தனர். பெயர்களை மாற்றி ஒட்டியபோதும் அவ்வாறே நடந்தது. ஆனால் எல்லாத் தடவையும் அவர்கள் சரியாகத் தெரிந்தெடுக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

இதிலிருந்து நாம் விளங்கிக்கொள்வது யாது? தற்செயலாக விழுந்த வர்ணத்திற்கும், விழுந்ததைப் பார்த்து எதனை வைத்திருப்பது, எதனை மூடுவது, எங்கே நிறுத்துவது என ஒருவர் எடுத்த தீர்மானங்களுக்கும் வேறுபாடு உண்டு. அவ்வேறுபாட்டைக் கண் ஓரளவு உணர்கின்றது. கிளைனின் மாதிரிகளையும் டி கூனிங்கின் இரண்டாண்டு உழைப்பையும் நினைத்துப் பாருங்கள். அதேவேளை எல்லா அரூப ஓவியங்களையும் புகழ வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. ஓர் ஓவியம் உங்களைக் கவரவில்லையாயின் அதனை எழுதலாம். ஆனால் பார்த்துவிட்டு, காரணத்துடன் எழுத வேண்டும்.

9. இவ்வியக்கத்தின் செல்வாக்கு

• கலையின் மையம் இடம்மாறியது: நவீன ஓவியத்தின் தலைநகராக விளங்கிய பரிஸ் நகரின் இடத்தை நியூயோர்க் பெற்றது. 1958 - 1959 காலப்பகுதியில் நியூயோர்க் நவீன கலை நூதனசாலை ஒழுங்குசெய்த 'புதிய அமெரிக்க ஓவியம்' என்னும் கண்காட்சி எட்டு ஐரோப்பிய நாடுகளிற் காட்டப்பட்டது. அது பனிப்போர்க் காலம். ஓவியரின் சுதந்திரத்தைக் காட்டி அமெரிக்கா தன் பெருமையை நிலைநாட்டவும் இக்கலை பயன்பட்டது என ஆய்வாளர் பலர் கருதுவர்.

• ஜப்பான்: 1954 இல் உருவான குட்டாய் குழுவினர் ஓவியத்தைச் செயலாகக் கொள்ளும் எண்ணத்தை மேலும் வளர்த்தனர். கசுவோ ஷிராகா கயிற்றிற் தொங்கியவாறு கால்களால் வர்ணத்தை இழுத்து வரைந்தார்.

• இந்தியா: 1964 இல் றொக்பெல்லர் புலமைப்பரிசில் பெற்று நியூயோர்க் சென்ற வி. எஸ். கைத்தொண்டே, அங்கே இப்புதிய ஓவியங்களை நேரிற் கண்டார். எஸ். எச். ராசா 1962 இல் அமெரிக்காவிற் கற்பித்தபோது ரொத்கோவின் ஓவியங்களால் ஈர்க்கப்பட்டார்.

• புதிய கலை வடிவங்கள்: அலன் கப்ரோ, பொலொக்கின் செயல்முறையிலிருந்து ஊக்கம்பெற்று 1959 இல் 'நிகழ்வு' என்னும் வடிவத்தை அறிமுகம் செய்தார். இன்றைய நிகழ்த்துகலையின் முன்னோடிகளுள் அது ஒன்றாகும்.

• எதிர்வினை: ஜஸ்பர் ஜோன்ஸ், அன்டி வார்ஹோல் முதலியோர் கொடி, சூப் தகரப்பேணி போன்ற அன்றாடப் பொருட்களுக்குத் திரும்பினர். அகவுணர்வின் மிகுதிக்கு எதிராக எழுந்த இப்போக்கும் அரூப வெளிப்பாட்டுவாதம் இன்றேல் தோன்றியிராது.

• பொதுமக்கள் விவாதம்: 1973 இல் அவுஸ்திரேலிய அரசாங்கம் தனது தேசியக் கலைக்கூடத்திற்காகப் பொலொக்கின் 'நீலக் கம்பங்கள்' ஓவியத்தை 13 இலட்சம் அவுஸ்திரேலிய டொலருக்கு வாங்கியபோது நாடெங்கும் கண்டனம் எழுந்தது. பின்னர் அக்கலைக்கூடத்தின் மிகப் புகழ்பெற்ற படைப்புகளுள் ஒன்றாக அதுவே ஆயிற்று.

10. விடை எழுதும் முறை

'இலக்கம் 1ஏ, 1948' ஓவியம் பற்றி எழுதப்பட்ட இரு விடைகளை ஒப்பிடுக.

விடை 1: "இது பொலொக் வரைந்த ஓவியம். மிக அழகாக வரையப்பட்டுள்ளது. நிறங்கள் நன்றாக உள்ளன. மனித உணர்வுகளைக் காட்டுகின்றது."

விடை 2: "நிலத்தில் விரித்த துணியில் வர்ணத்தைச் சொட்டியும் வீசியும் பொலொக் இதனை ஆக்கியுள்ளார். கறுப்பு, வெள்ளைக் கோடுகள் சில இடங்களில் தடித்தும் சில இடங்களில் நூல்போல மெலிந்தும் செல்வதால் கையின் வேகம் தெரிகின்றது. மையம் இல்லாமையால் கண் ஓரிடத்திலும் நில்லாது அலைகின்றது. இது அமைதியின்மையை உணர்த்துகின்றது. மேற்பகுதியில் உள்ள கைத்தடங்கள் ஓவியரின் உடல் அங்கே இருந்ததை நினைவூட்டுகின்றன."

முதல் விடையில் உள்ள வசனங்களைப் பெயரை மட்டும் மாற்றி எந்த ஓவியத்திற்கும் எழுதலாம். இரண்டாவது விடையோ இவ்வோவியத்திற்கு மட்டுமே பொருந்தும். கண்டதை முதலிற் கூறி, அதனால் எழும் உணர்வைப் பின்னர் கூறுவதே அதன் சிறப்பு.

நினைவிற் கொள்க

• காலம்: 1940 கள், 1950 கள். இடம்: நியூயோர்க்.
• இரு போக்குகள்: செயல் ஓவியம், வர்ணத்தள ஓவியம்.
• பொதுப் பண்புகள்: பெரிய அளவு, அகவுணர்வுக்கு முதன்மை, ஆக்கும் செயலின் தடயம், முழுப்பரப்பு ஒழுங்கமைப்பு அல்லது அகன்ற நிறப்பரப்பு.

செய்து பாருங்கள்

பழைய செய்தித்தாளை நிலத்தில் விரித்து அதன்மேல் வெள்ளைத்தாள் ஒன்றை வையுங்கள். நீர் கலந்த போஸ்ரர் வர்ணத்தில் ஈர்க்கு ஒன்றைத் தோய்த்து, ஒரு முறை மெதுவாகவும் ஒரு முறை விரைவாகவும், பின்னர் கையை உயர்த்தியும் தாழ்த்தியும் வர்ணத்தைச் சொட்டவிடுங்கள். கோடுகளின் வேறுபாடுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். எப்போது நிறுத்துவது என்பதை நீங்களே தீர்மானியுங்கள். அத்தீர்மானம் எவ்வளவு கடினமானது என்பதை உணரும்போது இப்பாடத்தின் பாதியை விளங்கிக்கொண்டவர் ஆவீர்கள்.

பயிற்சி வினாக்கள்

1. ஜேர்மனிய வெளிப்பாட்டுவாதத்திற்கும் அரூப வெளிப்பாட்டுவாதத்திற்கும் இடையே உள்ள வேறுபாடு ஒன்றைத் தருக.
2. இவ்வியக்கம் தோன்றக் காரணமான இரண்டு பின்னணிகளைச் சுருக்கமாக விளக்குக.
3. பொலொக்கின் கோடும் ரொத்கோவின் நிறப்பரப்பும் பார்ப்பவரிடம் ஏற்படுத்தும் உணர்வை ஒப்பிடுக.
4. "உருவம் இல்லாத ஓவியத்திற்கும் பொருள் உண்டு." இக்கூற்றை நீர் ஏற்கின்றீரா? உமது விடையை ஓர் ஓவியத்தை ஆதாரமாகக் கொண்டு நிறுவுக.